ஒரு துப்பாக்கிக்கு இரண்டு குறி தேவையா?

சுங்கை சிப்புட்டில் போன மாதம் படிவம் நான்கு மாணவர்கள் சிலருடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு ஒலிம்பிக் போட்டிகள் பக்கம் திரும்பியது. ஒரு மாணவர் கேட்டார்: "சார், கேம்ல துப்பாக்கிக்கு ஸ்கோப்பும் மாட்டிக்கலாம், பக்கத்துல சாய்வா இன்னொரு சைட்டும் மாட்டிக்கலாம். ஒலிம்பிக்ல மட்டும் ஏன் ஒரு சின்ன ஓட்டை வழியா பாத்துச் சுடுறாங்க? ரெண்டையும் மாட்டினா இன்னும் நல்லா சுடலாமே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளியியல், வடிவ கணிதம், புவியீர்ப்பு ஆகிய மூன்றும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. அவற்றோடு, ஒரு கருவியை எப்போது நம்பலாம் என்ற பெரிய கேள்வியும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு குறி மாட்டினால் துல்லியம் இரண்டு மடங்காகிவிடாது. ஒவ்வொரு குறியும் மற்றதன் துணையில்லாமல் தனித்து வேலை செய்யும் என்று சோதித்துப் பார்த்திருந்தால் மட்டுமே இரண்டாவது குறிக்கு மதிப்பு உண்டு. சோதிக்காமல் மாட்டிய இரண்டாவது குறி வெறும் எடை. சில நேரங்களில் அது ஆபத்தும்கூட.

தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. நம் ஊரில் துப்பாக்கி என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வாரத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. நம் நாட்டின் ஆயுதச் சட்டமும் அதே 1960இல் வந்ததுதான். அந்தச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஏர் ரைபிளைக்கூட வைத்திருக்கக் கூடாது. 1971இல் வந்த சட்டம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தேடிப் போக வேண்டாம். இங்குள்ள அறிவியலைச் சோதிக்க ஓர் அட்டை, ஒரு குண்டூசி, ஓர் அடிக்கோல் போதும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணின் பலவீனம்

இப்போது ஒரு கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். ஈப்போ சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் குன்று ஒன்று தெரியும். குன்றின் உச்சியை உற்றுப் பார்த்தால் விரல் மங்கும். விரல் நகத்தை உற்றுப் பார்த்தால் குன்று மங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியவே தெரியாது.

காரணம் எளிது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை, அருகில் உள்ளதைப் பார்க்கத் தடிக்கிறது. தொலைவில் உள்ளதைப் பார்க்க மெலிகிறது. ஒரே நேரத்தில் தடித்தும் மெலிந்தும் இருக்க அதனால் முடியாது.

சாதாரண ரைபிளின் குழல்மேல் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கும். கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி. அதில் ஒரு வெட்டு இருக்கும். குழலின் நுனியில் இருப்பது முன்குறி. அது ஒரு சிறிய முளை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இரும்புக் குறி என்கிறார்கள். சுடுபவர் பின்குறியின் வெட்டுக்குள் முன்குறியை நடுவாக நிறுத்தி, அதை இலக்கின்மேல் வைக்க வேண்டும். அதாவது, மூன்று வெவ்வேறு தூரங்களில் உள்ள பொருள்களை ஒரே கண்ணால் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கண்ணால் அது முடியாது என்பதை உங்கள் கட்டைவிரலே காட்டிவிட்டது.

அனுபவம் உள்ளவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்குறியைத் தெளிவாகப் பார்ப்பார்கள். இலக்கு சற்று மங்கினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். ஏன் அப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு குறிகளுக்கும் இடையே 60 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்குறி 1 மி.மீ. விலகினால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு 83 மி.மீ. விலகிப் போகும். ஒத்த முக்கோணங்கள் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் வரும் பிழை சிறியது. குறிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் வரும் பிழை பெரியது.

ஊசித்துளையின் உதவி

ஒலிம்பிக்கில் பயன்படும் "சின்ன ஓட்டை" இங்கேதான் வருகிறது. பின்குறியில் வெட்டுக்குப் பதிலாக ஒரு நுண்துளை வைக்கிறார்கள். முன்குறி ஒரு வளையம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம். இவை ஒன்றுக்குள் ஒன்றாக அமைவதைக் கண் மிக எளிதாகக் கண்டுபிடிக்கும்.

துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. கண்மணியின் விட்டம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் 1 மி.மீ. துளையை வைத்தால், விழித்திரையில் விழும் மங்கலின் அளவு கால் பங்காகக் குறைகிறது. அதனால் முன்குறியும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகத் தெரிகின்றன. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல்களைச் சுருட்டி ஒரு சிறு ஓட்டை செய்து அதன் வழியாகக் கரும்பலகையைப் பாருங்கள். எழுத்துகள் தெளிவடையும்.

இந்த எளிய துளையால் எவ்வளவு நுட்பமாகக் குறி வைக்க முடியும்? 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுவே உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்றால், குண்டின் நடுப்பகுதி இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நமது 60 செ.மீ. கணக்கில் பார்த்தால், முன்குறி 0.15 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. அது இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிமன்தான்.

ரைபிள் போட்டிகளில் துப்பாக்கியில் ஸ்கோப் மாட்ட ஒலிம்பிக் விதி இடம் தருவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டாரே நம் நாட்டின் நூர் சுர்யானி, அவர் பார்த்ததும் இந்தத் துளை வழியாகத்தான். கடலூரில் பிறந்து இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக்குகளில் சுட்ட இளவேனில் வாலறிவன் பார்ப்பதும் இதன் வழியாகத்தான்.

ஸ்கோப் என்ன செய்கிறது?

ஸ்கோப் என்பது துப்பாக்கிமேல் மாட்டிய தொலைநோக்கி. அது பெரிதாக்கிக் காட்டுவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்றை அது செய்கிறது. அதன் முன்வில்லை, இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள்ளேயே உருவாக்குகிறது. அந்தப் பிம்பம் விழும் அதே இடத்தில் ஒரு குறுக்குக் கோடு வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே குறியும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருப்பவையாகிவிடுகின்றன. மூன்று பொருள்களைப் பார்க்கும் தொல்லை ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

இந்த யோசனை துப்பாக்கிக்காரர்களுக்குத் தோன்றியது இல்லை. சுமார் 1640இல் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளைஞர் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கருவிக்குள் ஒரு சிலந்தி இழை கட்டியிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது அந்த இழையும் தொலைவில் உள்ள பொருளும் சேர்ந்து தெளிவாகத் தெரிந்தன. அந்த இழையையே குறியாக வைத்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. குறுக்குக் கோடு அப்படித்தான் பிறந்தது. காஸ்கோய்ன் 1644இல் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார்.

நல்ல கண்ணுக்கு 100 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள்தான் தனித்தனியாகத் தெரியும். 4 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் வழியாகப் பார்த்தால் 0.7 செ.மீ. இடைவெளியும் தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்வில்லை இறுகிவிடுவதால் முன்குறி மங்கிவிடும். அவர்களுக்கு ஸ்கோப் ஆடம்பரப் பொருள் ஆகாது. இதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஸ்கோப் எதையும் இலவசமாகத் தருவதில்லை. 4 மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கமும் 4 மடங்காகத் தெரியும். பார்க்கும் பரப்பு சுருங்கும். 100 மீட்டரில் ஏறக்குறைய 10 மீட்டர் அகலம்தான் தெரியும். அதற்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைச் சரியான தூரத்தில், சரியான உயரத்தில் வைக்காவிட்டால் ஓரங்கள் இருண்டுவிடும். கண் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக் கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தோன்றும். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துத் தவறான அளவை எழுதி ஆசிரியரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பதினேழாம் நூற்றாண்டுச் சண்டை

இரும்புக் குறியா, ஸ்கோப்பா என்ற வாதம் நம் காலத்தில் தொடங்கியது என்று நினைக்கிறீர்களா? போலந்து நாட்டின் டான்சிக் நகரில் (இன்றைய கிடான்ஸ்க்) ஹெவேலியுஸ் என்ற வானியலாளர் இருந்தார். நிலவையும் வால்நட்சத்திரங்களையும் பார்க்கப் பெரிய தொலைநோக்கிகளை அவரே செய்தார். ஆனால் விண்மீன்களின் இடத்தை அளக்கும்போது மட்டும் வில்லை இல்லாத திறந்த குறிகளையே பயன்படுத்தினார். லண்டனில் இருந்த ராபர்ட் ஹூக் அதை ஏற்கவில்லை. வெறும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு, தொலைநோக்கிக் குறி இல்லாமல் நுட்பமாக அளக்கவே முடியாது என்று 1674இல் எழுதினார். ஹெவேலியுஸுக்குக் கோபம் வந்தது.

1679இல் எட்மண்ட் ஹாலி டான்சிக் போனார். ஹாலி வால்நட்சத்திரத்தின் பெயருக்குக் காரணமான அதே ஹாலிதான். அப்போது அவருக்கு வயது 22. ஹெவேலியுஸுக்கு வயது 68. ஹாலி கையோடு தொலைநோக்கிக் குறி மாட்டிய கருவி ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். இருவரும் அதே விண்மீன்களைத் தங்கள் தங்கள் கருவியால் அளந்தார்கள். முடிவுகளை ஒப்பிட்டபோது ஹாலி வியந்துபோனார். கிழவரின் திறந்த குறிகள் தந்த அளவுகள் அவருடைய கருவிக்குச் சற்றும் குறைந்தவையாக இல்லை.

இதிலிருந்து ஹூக் சொன்னது தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஹெவேலியுஸ் பல பத்தாண்டுகள் பழகிய கண்ணோடும் மிகப் பெரிய கருவிகளோடும் அளந்தவர். அவ்வளவு பழக்கம் இல்லாதவர்களும் நுட்பமாக அளக்கத் தொலைநோக்கிக் குறி வழி செய்தது. பின்னாளில் வானியல் முழுவதும் அந்தப் பக்கமே போனது. ஆனால் ஹாலி செய்த முறையைக் கவனியுங்கள். இரண்டு குறிகளையும் தனித்தனியாக இயக்கினார்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்தார்கள். இரண்டு குறி இருப்பதன் உண்மையான பயன் அதுதான்.

இரண்டையும் மாட்டினால் என்ன ஆகும்?

மாணவரின் கேள்விக்கு இப்போது நேராக வருவோம். வேட்டைக்கான ரைபிளில் இரண்டையும் வைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஸ்கோப்பை உயரமான பாலம்போன்ற தாங்கியில் மாட்டுவது. ஸ்கோப்புக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாக இரும்புக் குறியும் தெரியும். கேட்கும்போது அருமையாக இருக்கிறது. ஆனால் ரைபிளின் பின்கட்டையில் கன்னத்தைப் பதித்துத்தான் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள். ஸ்கோப் உயரமானால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். தலை அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். பிறகு நான் மேலே சொன்ன இடமாறு தோற்றப் பிழைதான்.

இரண்டாம் வழி, தேவைப்பட்டால் நொடியில் கழற்றும் தாங்கி. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் பழைய வேட்டை ரைபிள்களில் கொக்கிபோல மாட்டிக் கழற்றும் தாங்கிகளைப் பார்க்கலாம். ஸ்கோப் தாழ்வாக உட்காரும். அதைக் கழற்றினால் இரும்புக் குறி கண்ணுக்கு நேராக வந்துவிடும். கழற்றி மாட்டியபின் ஸ்கோப் பழைய இடத்திலேயே சரியாக உட்கார வேண்டும். அதைச் சுட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

மூன்றாம் வழி, நீங்கள் கேமில் பார்த்தது. இரும்புக் குறியைக் குழலின் பக்கவாட்டில் 45 பாகை சாய்வாக வைப்பது. துப்பாக்கியைச் சாய்த்தால் அது கண்ணுக்கு நேராக வரும்.

மூன்றிலும் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. கேமில் அது தெரியாது. அங்கே எதை மாட்டினாலும் மாட்டிய நொடியே வேலை செய்யும். உண்மையில் குண்டு குழலிலிருந்து புறப்படுகிறது. பார்வைக்கோடு குழலுக்கு மேலே இருக்கிறது. இந்த இரண்டு கோடுகளும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி குறியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அதை ஜீரோ செய்வது என்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். குண்டின் வேகம் வினாடிக்கு 320 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிடுவோம். ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருக்கிறது. இரும்புக் குறி 2 செ.மீ. மேலே இருக்கிறது. இரண்டையும் 50 மீட்டருக்கு ஜீரோ செய்திருக்கிறோம். 50 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் குண்டு புவியீர்ப்பால் 12 செ.மீ. இறங்கும். 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் ஏறக்குறைய அரை செ.மீ. இறங்கும்.

ஸ்கோப்பின் கணக்கு இது. பார்வைக்கோட்டோடு ஒப்பிட்டால், குழல் 50 மீட்டரில் 5 + 12 = 17 செ.மீ. ஏறும்படி சாய்ந்திருக்க வேண்டும். அப்படியானால் 10 மீட்டரில் அது 3.4 செ.மீ. ஏறும். குண்டு இருக்கும் இடம்: –5 + 3.4 – 0.5. அதாவது, குறி வைத்த இடத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கீழே.

இரும்புக் குறியின் கணக்கு இது. ஏற வேண்டியது 2 + 12 = 14 செ.மீ. 10 மீட்டரில் 2.8 செ.மீ. ஏறும். குண்டு இருக்கும் இடம்: –2 + 2.8 – 0.5. அதாவது, 0.3 செ.மீ. மேலே.

ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, 50 மீட்டரில் ஒரே புள்ளி. ஆனால் 10 மீட்டரில் ஒரு குறி கீழே அடிக்கிறது, மற்றது மேலே அடிக்கிறது. ஆகவே ஒரு ரைபிளில் இரண்டு குறி மாட்டியவர், கணக்குப்படி இரண்டு ரைபிள்களை வைத்திருக்கிறார். இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கோப்பில் மட்டும் நூறு முறை பயின்றுவிட்டு, அது கெட்டுப்போகும் நாளில் இரும்புக் குறியை முதன்முறையாகப் பார்க்கிறவரிடம் இருப்பது பெயருக்கு மட்டும் ஒரு மாற்றுக் குறி.

நம் காட்டில் என்ன நடக்கும்?

அப்படியானால் ஒரு குறியே போதும் என்கிறேனா? சுடுதளத்தில் போதும். அங்கே கூரை உண்டு, வெளிச்சம் உண்டு, தூரமும் மாறாது. காட்டின் கதை வேறு.

கண்ணாடி அணிந்த மாணவர்களுக்கு இது தெரியும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். ஸ்கோப்பும் அப்படித்தான். அதன் உட்பக்கத்தில் ஈரம் புகாமல் இருக்க நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்திருப்பார்கள். வெளிப்பக்கத்தை அப்படிப் பாதுகாக்க முடியாது. பேராக்கின் மாலை மழையில் ஒரு துளி வில்லையில் விழுந்தாலும், சுடுபவர் மூச்சு பட்டாலும், படம் கலைந்துவிடும். கீழே விழுந்து அடிபட்டால் ஸ்கோப்பின் ஜீரோ மாறிவிடலாம். இரும்புத் துண்டில் ஆவி படிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். இந்தியாவின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் .315 வேட்டை ரைபிள் இன்றும் இரும்புக் குறியோடு வருகிறது. ஜிம் கார்பெட் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி நடந்தபோது அவரிடம் இருந்த ரிக்பி ரைபிளிலும் திறந்த குறிதான் இருந்தது.

காட்டில் குறி தவறினால் ஒரு புள்ளி குறைவதோடு முடிந்துவிடாது. காயம்பட்ட காட்டுப்பன்றி புதருக்குள் போய்ப் பல மணி நேரம் துடிக்கும். அல்லது திரும்பி வந்து பாயும். ஆகவே உரிமத்தோடு காட்டுக்குள் போகிற ஒருவர் மாற்றுக் குறி வைத்திருப்பது நியாயம். அது கழற்றும் தாங்கியாக இருக்கட்டும். உயரமான பாலமாக வேண்டாம். இரண்டு குறியையும் சுடுதளத்தில் தனித்தனியாகச் சரிபார்த்திருக்கட்டும்.

இன்னொன்றையும் நம் ஊர்க்காரனாகச் சொல்ல வேண்டும். பொழுது விடியும் முன்னே நெற்றி விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் நடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். இன்றும் மரம் வெட்டுகிறவர்களும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் இருட்டோடு கிளம்புகிறார்கள். ஸ்கோப் வழியாகப் பார்க்கிறவருக்கு 10 மீட்டர் அகலம்தான் தெரியும் என்று சொன்னேன். அந்த வட்டத்துக்கு ஓரடி வெளியே ஒரு மனிதர் நிற்கலாம். அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைப் பயன்படுத்துவது பெரிய தவறு. அப்படிப் பார்க்கும்போது துப்பாக்கியும் அந்தப் பக்கமே நீண்டிருக்கிறது. என்ன என்று தெரியும் முன்னே குழல் அதை நோக்கித் திரும்பிவிட்டது. பார்ப்பதற்குப் பைனாகுலர் இருக்கிறது. முதலில் கண், பிறகுதான் குறி. இதை எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

நம்பு, ஆனால் சோதி

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். இந்தியாவின் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் 596 புள்ளிகள் எடுத்து இறுதிச் சுற்றுக்கு வந்தார். இறுதிச் சுற்றுக்கு முன் சில சோதனைக் குண்டுகளைச் சுட நேரம் தருவார்கள். அவர் சுட்டார். குண்டு நடுவை விட்டு எங்கோ தள்ளி விழுந்தது. சற்று முன்வரை சரியாக இருந்த குறி மாறியிருந்தது. அவர் பதறி அமர்ந்துவிடவில்லை. இருந்த சில நிமிடங்களில் குறியைத் திருகித் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டில் 10.8 புள்ளி. மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அவரிடம் இரண்டாவது குறி இல்லை. ஒரே குறிதான் இருந்தது. ஆனால் அந்த ஒன்று எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கு முழுமையாகத் தெரிந்திருந்தது. போட்டிக்கு முன் அதைச் சோதிக்கவும் செய்தார். சோதனைக் குண்டுகளைச் சுடாமல் "சற்று முன்தானே சரியாக இருந்தது" என்று நம்பியிருந்தால் அந்தத் தங்கம் கிடைத்திருக்காது.

ஆகவே என் முடிவு இது. பழகுகிறவர் முதலில் எளிய குறியில் பழக வேண்டும். தவறு எங்கே நடக்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டும். போட்டிக்கு ஒரு குறி போதும். காட்டுக்குப் போகிறவர் இரண்டு வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் சோதித்திருந்தால். இது துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துவதில்லை. கணக்குப்பொறியில் வரும் விடையை மனக்கணக்கால் ஒருமுறை சரிபார்க்கிறீர்களா? கைப்பேசியின் வழிகாட்டி நின்றுபோனால் வரைபடம் பார்த்து வீடு வந்து சேர்வீர்களா? பழகாத மாற்றுவழி தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் அளவுகோலை மேசையில் அசையாமல் ஒட்டுங்கள். ஒரு முனையில் வெட்டு போட்ட அட்டையை நிறுத்துங்கள். அதுதான் பின்குறி. மறுமுனையில் களிமண்ணில் ஒரு குண்டூசியை நிறுத்துங்கள். அதுதான் முன்குறி. 5 மீட்டர் தள்ளிச் சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். நண்பர் ஒரு சிறிய கறுப்பு வட்டத்தைத் தாளின்மேல் மெல்ல நகர்த்தட்டும். வெட்டு, குண்டூசி, வட்டம் மூன்றும் நேராக வந்ததும் "நிறுத்து" என்று சொல்லுங்கள். அவர் பென்சிலால் புள்ளி வைக்கட்டும். பத்து முறை செய்யுங்கள். முந்திய புள்ளிகளை நீங்கள் பார்க்கக் கூடாது.

பிறகு வெட்டு போட்ட அட்டையை எடுத்துவிட்டு, குண்டூசியால் துளையிட்ட அட்டையை அதே இடத்தில் வையுங்கள். வேறு நிறப் பென்சிலால் இன்னும் பத்துப் புள்ளிகள்.

இப்போது இரண்டு கேள்விகள். எந்த நிறப் புள்ளிகள் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன? இரண்டு கூட்டங்களின் நடுவும் ஒரே இடத்தில் இருக்கிறதா? முதல் கேள்வியின் விடை, எந்தக் குறி நுட்பமானது என்பதைச் சொல்லும். இரண்டாவதன் விடை, ஒன்றைச் சரிசெய்துவிட்டதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்பலாமா என்பதைச் சொல்லும்.

அன்று கேள்வி கேட்ட மாணவரிடமும் இதையே சொல்லி அனுப்பினேன். அவருடைய தாளில் இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே இருந்த தூரம் 4 செ.மீ. "சார், அப்ப எது சரி?" என்று கேட்டார். அளவுகோலை மறுபடியும் ஒட்டிவிட்டு இன்னொருமுறை செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள்.